புளோரன்ஸில் அவர் வேலைக்குப் போன பாதை

நான் கண்விழித்தபோது என் கணவர் தவராசா சப்பாத்துப் போட்டு, லேஸ் கட்டி, ஜாக்கெட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. கீழே தெருவில் யாரோ கடையின் இரும்புக் கதவைச் சுருட்டி மேலே தூக்கும் சத்தம் கேட்டது. எங்கிருந்தோ கோப்பி மணம் வந்துகொண்டிருந்தது.

"வெளிக்கிடும். நான் வேலைக்குப் போற பாதையைக் காட்டுறன்," என்றார்.

போன பாதை என்று சொல்லவில்லை. போற பாதை என்றார்.

நாங்கள் அப்போது லண்டன்காரர். டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே எங்கள் ஃபிளாட். அவருக்குத் தொழில் கடைகளின் ஃப்ரிட்ஜ், ஃப்ரீஸர் திருத்துவது. ஆனால் லண்டனுக்கு வருவதற்கு முன்னால், என்னைக் கலியாணம் செய்வதற்கும் முன்னால், அவர் சில வருடங்கள் இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்தில் இருந்தவர். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் கொடுக்கும் ஒரு லோண்டரியில் வேலை. ஆற்றுக்குத் தென்கரையில் அறை, வடக்கே நகரத்தின் மறுபக்கத்தில் வேலை. நடுவில் நடை.

அந்த வருடங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மூன்று நாள் விடுமுறைக்கு மலிவு விமானத்தில் அங்கே போவோம் என்று அவர் திடீரென்று சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. காரணத்தைச் சொல்கிறேன்.

ஜாய்ஸ் கேட்டது

பிள்ளைக்காக நாங்கள் எடுத்த கடைசிச் சிகிச்சையும் கைகூடாமல் போனதைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எட்மண்டனிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் பேசினார். பிறகு என்ன செய்தீர்கள் அக்கா என்று கேட்டுவிட்டு, கேட்டது பிழையோ என்று அவரே தயங்கினார். பிழையில்லை.

பிறகு கொஞ்சக் காலம் ஒன்றும் செய்யவில்லை. நான் வேலை செய்த பல் வைத்தியர் நிலையத்துக்குப் போவேன், வருவேன். கலியாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாவுக்கும் போவதைக் குறைத்துக்கொண்டேன். ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்த பிறகு அவர்களின் கண் ஒருமுறை என் வயிற்றுக்குப் போய்த் திரும்பும். அது அவர்களுக்கே தெரியாது.

ஒருநாள் நூலகத்துப் பலகையில் ஒரு விளம்பரம் கண்டேன். குழந்தைகளைத் தத்தெடுக்கக் குடும்பங்கள் தேவை என்றிருந்தது. ஆசியக் குடும்பங்கள் குறிப்பாகத் தேவை என்றும் போட்டிருந்தார்கள். எத்தனையோ முறை புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போய் அந்தப் பலகையைக் கடந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். உமக்கு விருப்பமென்றால் கேட்டுப் பாரும் என்றார். உமக்கு என்றுதான் சொன்னார், எங்களுக்கு என்று சொல்லவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

அப்படித்தான் ஜாய்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். சோஷல் வேர்க்கர். ஜமேய்க்காவில் பிறந்தவர், காதில் பெரிய வளையத் தோடு போட்டிருப்பார், மாடிப்படி ஏறிவந்து முதலில் தண்ணீர் கேட்பார். இஞ்சித் தேநீரும் மீன் ரோல்ஸும் கொடுத்தால் இரண்டாவது ரோல்ஸை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எடுப்பார். முதல் வரவில் என்னைப் பற்றிக் கேட்டார். என் சின்ன வயது, என் அப்பாவின் கோபம், நாங்கள் இடம்பெயர்ந்த காலம் எல்லாம் சொன்னேன்.

இரண்டாவது வரவில் என் கணவர் பக்கம் திரும்பினார். உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்து, தமிழில், மெதுவாக, "எந்த அம்மாவையாம்?" என்றார்.

பிறகு எழும்பி, ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு கோல் வந்துவிட்டது, ஃப்ரீஸர் நின்றுவிட்டதாம் என்று சொல்லி, திருத்து வேலைக்கான ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். தொலைபேசி அடிக்கவேயில்லை. அது ஜாய்ஸுக்கும் தெரியும்.

ஜாய்ஸ் கோபிக்கவில்லை. இது ஒருவர் மட்டும் விரும்பிச் செய்யும் காரியமில்லை, இரண்டு பேரும் பேசி ஈஸ்டருக்குப் பிறகு எனக்கு ஒரு முடிவு சொல்லுங்கள் என்றார். வேண்டாம் என்றாலும் அது நல்ல முடிவுதான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கணவரோ அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அப்போதுதான் இந்தப் புளோரன்ஸ் பயணம். பதில் சொல்லாமல் தப்புவதற்கு ஊர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். பீசா விமான நிலையத்திலிருந்து ரயிலில் வரும்போது நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு அம்மா

எந்த அம்மா என்று அவர் கேட்டது ஏன் என்பது எனக்கு ஓரளவு தெரியும். கலியாணப் பேச்சின்போதே சொல்லித்தான் செய்தார்கள். அவரைப் பெற்றவருக்கு ஐந்து பிள்ளைகள். பெற்றவரின் அக்காவுக்குப் பிள்ளையில்லை. ஐந்து பேரில் நாலாவதாகிய இவரைக் கைக்குழந்தையாக அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். வளர்த்த பெரியம்மாவைத்தான் இவர் அம்மா என்று கூப்பிட்டார். பெற்றவரைச் சின்னம்மா என்றார்.

எங்கள் பக்கத்தில் இது நடக்காத காரியமில்லை. இரண்டு வீடும் ஒரே ஊரில், இரண்டு ஒழுங்கைத் தெரு தள்ளித்தான். ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. அதனால் நான் அதை ஒரு பெரிய விஷயமாகவே எடுக்கவில்லை. அவர் எங்கே படித்தார், எத்தனை சகோதரம் என்பதைப்போல அதுவும் ஒரு தகவல் என்று வைத்திருந்தேன்.

வளர்த்தவரை நான் பார்த்ததில்லை. இவர் இத்தாலியில் இருந்தபோதே அவர் தவறிவிட்டார்.

பாலத்தில் தங்கம் தூங்கிக்கொண்டிருந்தது

ஹோட்டலை விட்டு இறங்கி, இரண்டு தெரு தாண்டி, ஒரு பேக்கரிக்குள் நுழைந்தார். இத்தாலிய மொழி அவருக்கு இப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. கவுண்டரில் நின்ற பெண் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். ஒரு பெரிய பாணை வாங்கிக் கடதாசியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பசிக்கிறதா என்று கேட்டேன். இல்லை, சும்மா என்றார்.

பழைய பாலத்துக்கு வந்தோம். பாலத்தின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன நகைக்கடைகள், ஆற்றின் மேல் துருத்திக்கொண்டு. அந்த நேரத்தில் எல்லாம் பூட்டு. தடித்த மரக் கதவுகளில் இரும்புப் பட்டை அடித்து, ஒவ்வொரு கடையும் ஒரு பெட்டகம் மாதிரி இருந்தது. உள்ளே எவ்வளவு தங்கம் தூங்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் பூட்டிய நகைக்கடைகளை இப்படி நின்று ரசித்தது அந்தப் பாலத்துக்குப் புதிதாக இருந்திருக்கும்.

பாலத்தின் நடுவில் கடைகள் விட்டுப்போய் வெளி திறக்கிறது. அங்கே நின்று ஆற்றைப் பார்த்தோம். பச்சையும் மண்ணிறமும் கலந்த தண்ணீர். ஒருவன் ஒல்லிப் படகொன்றில் தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போனான். கரையோரத்து மஞ்சள் வீடுகள் தண்ணீரில் தலைகீழாக நடுங்கின.

"இதில ஒருநாளும் நிண்டு பாத்ததில்லை," என்றார் அவர்.

இவ்வளவு வருடமும் இதால் போய்வந்தும் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அப்போதுதான் பாணின் கதையைச் சொன்னார்.

முதல் இரண்டு வருடமும் அவரிடம் அங்கே தங்குவதற்கான பத்திரம் ஒன்றும் இல்லை. வெளிநாட்டுக்காரர் கூடும் இடங்களில் பொலிஸ் எப்போதும் நிற்கும். உலகமெல்லாம் பார்க்க வரும் இடங்கள்தான் இவருடைய பாதை முழுவதும். சும்மா நின்றால் கேட்பார்கள். வேகமாக நடந்தாலும் கேட்பார்கள். அறையில் கூட இருந்த ஒரு சிலாபத்து அண்ணை ஒரு வழி சொல்லிக் கொடுத்தாராம். கக்கத்தில் ஒரு பாண் வைத்துக்கொள், வீட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு போகிறவன் என்று நினைப்பார்கள், பாண் வைத்திருப்பவனை ஒருவரும் மறிக்கமாட்டார்கள் என்று.

அது உண்மையோ பொய்யோ, ஒருவரும் மறிக்கவில்லை. அதனால் ஒவ்வொரு நாளும் ஒரு பாண். அந்த ஊர்ப் பாணில் உப்பே போடமாட்டார்கள். உப்பில்லாத பாணை மத்தியானம் சம்பலோடு லோண்டரியின் பின்பக்கம் இருந்து சாப்பிடுவாராம்.

இப்போது அவரிடம் பிரித்தானியப் பாஸ்போர்ட் இருந்தது. உட்பையில் வைத்திருந்தார். ஆனாலும் கை தன்பாட்டில் பாணை வாங்கிவிட்டது.

பளிங்கு இளைஞனும் தண்ணீர் வண்டியும்

பாலம் கடந்து, வளைவுகள் வரிசையாக நிற்கும் ஒரு நீண்ட முற்றத்தால் நடந்தால் பெரிய சதுக்கம் வருகிறது. பழைய நகர மண்டபம், அதன்மேல் ஒல்லியாக உயர்ந்த கோபுரம், அதற்குக் கீழே சிலைகள். உலகத்துக்கே தெரிந்த அந்தப் பளிங்கு இளைஞனின் பிரதியும் வாசலில் நிற்கிறது. அசலை உள்ளே ஒரு காட்சிச்சாலையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

உடுப்பில்லாத சிலையை விடிகாலையில் கணவனோடு தனியாக நின்று பார்ப்பதற்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு முகத்தைப் பார்த்தேன். படங்களில் அவனை வீரன் என்றுதான் கண்டிருந்தேன். நேரில் பார்க்கும்போது நெற்றி சுருங்கி, பயப்படுகிறானோ என்று தோன்றியது. அவன் தலையில் ஒரு புறா இருந்தது.

பக்கத்து மண்டபத்தில் வெண்கல வீரன் ஒருவன் வெட்டிய தலையைத் தலைமுடியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றான். கழுத்திலிருந்து இரத்தம் வெண்கலமாகத் தொங்கியது. எனக்கு எங்கள் காளி கோயில் சுவரோவியம் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். அந்தப் பயணத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

மாநகரசபையின் வண்டி ஒன்று தண்ணீர் பீச்சி நிலக்கற்களைக் கழுவிக்கொண்டு வந்தது. நாங்கள் ஓரமாக ஒதுங்கினோம். கழுவிய கற்களில் கோபுரம் முழுவதும் தெரிந்தது.

இந்த மண்டபங்களுக்குள்ளே ஒன்றையாவது போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். திறக்கும் நேரத்தில் அவர் வேலையில் நிற்பார். வேலை முடியும் நேரத்தில் பூட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நித்திரை. அவர் பார்த்ததெல்லாம் வெளியே, திறந்த வெளியில், விடிகாலையில் இருப்பவை மட்டும்தான்.

மீன் ஃப்ரீஸர்

அங்கிருந்து ஒரு நேரான தெரு. அதன் முடிவில் கட்டடங்களுக்கு மேலே திடீரென்று பேராலயத்தின் பெரிய செங்கல் கூரை எழும்பி நின்றது. அவ்வளவு பெரிய ஒன்று அவ்வளவு நெருக்கமான தெருக்களுக்கு நடுவில் எப்படி ஒளிந்திருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. சுவர் முழுவதும் வெள்ளை, பச்சை, இளஞ்சிவப்புப் பளிங்கு. வெயில் மேல்விளிம்பில் மட்டும் பட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அவருடைய தொலைபேசி அடித்தது. இந்த முறை உண்மையாகவே அடித்தது.

லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் மீன் விற்கும் ஒரு கடைக்காரர். ஃப்ரீஸர் நின்றுவிட்டது, விளைமீனும் இறாலும் உருகத் தொடங்கிவிட்டது, உடனே வரவேண்டும் என்றார். இவர், நான் இத்தாலியில் நிற்கிறேன் என்றார். அது இல்ஃபோர்டுக்குக் கிட்டவா, அரை மணித்தியாலத்தில் வந்துவிடலாமா என்று கடைக்காரர் கேட்டது எனக்கே கேட்டது.

பேராலயத்தின் பளிங்குச் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு இவர் எந்தச் சுவிட்சை அணைப்பது, எந்த மூடியைக் கழற்றுவது, எங்கே படிந்த பனியைச் சுரண்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். நான் எதிரில் இருந்த எண்கோண மண்டபத்தின் கதவுக்குப் போனேன். பொன் பூசிய கதவு, சதுரம் சதுரமாகக் கதைகள். கூட்டம் வராத நேரம். முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்கலாம்.

மரங்கள், ஆடுகள், கூடாரங்கள், ஒரு கட்டிலைச் சுற்றிப் பெண்கள். கட்டிலில் கிடந்தவள் இப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். உள்ளங்கை அளவு உருவம். அதற்குமேல் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

அவர் கோலை முடித்துக்கொண்டு வந்தார். ஃப்ரீஸர் ஓடத் தொடங்கிவிட்டதாம். சந்தோஷமாக இருந்தார். அந்தச் சந்தோஷம்தான் எனக்குத் தாங்கவில்லை.

"ஜாய்ஸுக்கு நான் என்ன சொல்லுறது?" என்றேன். "வேண்டாம் எண்டால் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நான் விளங்கிக்கொள்ளுவன். ஒண்டும் சொல்லாமல் இப்பிடி ஊர் காட்டிக்கொண்டு திரியாதேங்கோ."

அவர் முகத்திலிருந்து சந்தோஷம் போய்விட்டது. பாணைக் கக்கம் மாற்றிக்கொண்டார்.

"இன்னும் ஒரு தெருதான் இருக்கு," என்றார். "அங்கை வந்து கேளும்."

நீலத்தில் குழந்தைகள்

அந்தத் தெரு நேராக ஒரு சதுக்கத்தில் போய் முடிந்தது. முந்தியவற்றைப்போல ஆடம்பரம் இல்லை. நடுவில் குதிரைமேல் ஒரு பிரபு. இரண்டு பக்கமும் கடல் விலங்குகள் வாயால் தண்ணீர் விடும் விநோதமான வெண்கலத் தொட்டிகள். எதிரே ஒரு கோயில். வலது பக்கம் முழுவதும் அகலமான படிகள், படிகளுக்கு மேல் ஒல்லித் தூண்கள் வரிசையாக நிற்கும் நீண்ட தாழ்வாரம்.

அவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

ஒவ்வொரு தூணுக்கும் மேலே, வளைவும் வளைவும் சேரும் இடத்தில், ஒரு நீல வட்டம். நீல வட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் குழந்தை. சுட்ட மண்ணில் செய்து, பீங்கான்போல மினுக்கம் பூசியவை. இடுப்புக்குக் கீழே துணியால் சுற்றி, இரண்டு கையையும் விரித்து, உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றன. தூக்கச் சொல்லிக் கேட்பவை மாதிரி.

பல நூறு வருடங்களுக்கு முன் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகக் கட்டிய இல்லம் அது என்று சொன்னார். தாழ்வாரத்தின் ஒரு முனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சுவரில், கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். வளர்க்க முடியாத தாய்மார் பிள்ளையை அதில் வைத்துவிட்டு மணியை அடித்துவிட்டுப் போவார்களாம். உள்ளே இருப்பவர்கள் வந்து எடுப்பார்களாம். சில தாய்மார் ஒரு பதக்கத்தை இரண்டாக உடைத்து ஒரு பாதியைப் பிள்ளையோடு வைப்பார்கள். என்றைக்காவது திரும்பிவந்தால் அடையாளம் காட்ட மற்றப் பாதி அவர்களிடம் இருக்கும்.

அவருடைய லோண்டரி இந்தச் சதுக்கத்துக்குப் பின்தெருவில் இருந்தது. வேலை தொடங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் கிடைக்கும். இந்தப் படியில் பொலிஸ் வருவதில்லை. ஆகவே இந்த நகரத்தில் அவர் நின்று பார்த்த ஒரே இடம் இதுதான்.

படியில் இருந்தோம். கல் குளிர்ந்தது. தாழ்வாரத்தின் மறுகோடிக்கு அருகில் ஒரு குழந்தையைக் காட்டினார். மற்றவற்றின் துணி இறுக்கமாகச் சுற்றியிருந்தது. இதன் துணி அவிழ்ந்து, மடிப்பு மடிப்பாகக் கீழே வழுகியிருந்தது.

"இவனைத்தான் பாக்கிறனான்," என்றார். "எல்லாருக்கும் கட்டிக் கிடக்கு. இவனுக்கு மட்டும் அவிழ்ந்துபோச்சு. ஒருத்தரும் திருப்பிக் கட்டேல்லை எண்டு நினைப்பன்."

கத்தரிக்காய்

பிறகு சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, குதிரைச் சிலையைப் பார்த்துச் சொன்னார்.

பத்தொன்பது வயதில், ஒரு சைக்கிளுக்காக வளர்த்த அம்மாவோடு சண்டை. ஒன்றுமில்லாத சண்டை. அதில் அவர், நீங்கள் என்ர அம்மா இல்லைத்தானே என்று கேட்டுவிட்டார். கேட்டதோடு நிற்காமல் உடுப்பை எடுத்துக்கொண்டு பெற்றவரின் வீட்டுக்குப் போய்விட்டார். வளர்த்தவர் மறிக்கவில்லை. வீட்டு வாசல் படலையில் நின்றுகொண்டிருந்தாராம். ஒழுங்கை திரும்பும்வரை நின்றது தெரியும், அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது.

பெற்றவரிடம் ஒரு கேள்வி கேட்கத்தான் போனார். ஐந்து பிள்ளையில் என்னை ஏன் கொடுத்தீர்கள் என்று. பெற்றவர் அரிசி புடைத்துக்கொண்டே, அக்கா கேட்டா, குடுத்தன் என்றாராம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கவில்லை. அதைக் கேட்ட பிறகும் இரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்துவிட்டு, அங்கிருந்தே நாட்டை விட்டு வந்தார். போகும்போது வளர்த்தவரிடம் சொல்லிக்கொண்டுதான் வந்தார். ஆனால் அம்மா இல்லை என்ற அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை. எடுக்கலாம், திரும்பிவந்து எடுக்கலாம் என்று நினைத்தார்.

வளர்த்தவர் தவறிய செய்தி இங்கே ஒரு தொலைபேசிக் கடையில் கிடைத்தது. பத்திரம் இல்லை, போக முடியாது. அடுத்தநாள் காலையில் பாணை வாங்கிக்கொண்டு வழக்கம்போல நடந்து வந்து இந்தப் படியில் இருந்தவர், வேலைக்கு எழும்பவில்லை. லோண்டரி முதலாளி தேடிவந்து, பக்கத்தில் இருந்து, ஒன்றும் கேட்காமல் ஒரு சிகரெட் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"கொள்ளி வைக்க ஆர் எண்டு கேட்டவையாம் ஊரில. நான் பக்கத்தில நிண்டிருந்தாலும் எனக்கு அந்த உரிமை இருக்கோ எண்டு எனக்கே தெரியேல்லை."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் பிள்ளையில விருப்பமில்லாமல் இல்லை. நான் போன மாதிரி ஒருநாள் அதுவும் கேட்டுக்கொண்டு போகும். நீர் படலையில நிண்டு பாத்துக்கொண்டிருப்பீர். அதை என்னாலை பாக்கேலாது."

இதுதான் அது. ஜாய்ஸின் கேள்விக்கு முன்னால் எழும்பி ஓடிய மனிதனின் பயம் இவ்வளவுதான். அவர் தனக்காகப் பயப்படவில்லை. எனக்காகப் பயப்பட்டார்.

சும்மா கேட்டேன், நீங்கள் போன பிறகு அவ என்ன செய்தவ என்று.

அவர் பாணை மடியில் வைத்தார். பிறகு, இவ்வளவு காலம் அதை ஞாபகப்படுத்திப் பார்க்காதவர்போலச் சொன்னார்.

"அடுத்தநாள் காலமை சின்னம்மா வீட்டை வந்தவ. என்னைக் கூப்பிடேல்லை. தன்ர தங்கச்சியிட்டை, அவனுக்குக் கத்தரிக்காய் குடுத்துப்போடாதை, சொறியும் எண்டு சொல்லிப்போட்டுப் போனவ."

பத்தொன்பது வயது ஆம்பிளைக்குக் கத்தரிக்காய். நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியில் அழுகையாகப் போனது. அவருக்கும் அப்படித்தான்.

"உங்களை வளத்தது பிழை எண்டு அவ நினைச்சிருப்பாவோ?" என்று கேட்டேன்.

துணி அவிழ்ந்த அந்தக் குழந்தையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லை. அப்பிடி நினைக்கிற ஆள் இல்லை அவ."

"பிறகு ஏன் நான் நினைப்பன் எண்டு நினைக்கிறீங்கள்?"

அதற்குள் சதுக்கத்தில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பழைய இல்லத்தின் ஒரு பகுதி அப்போதும் சிறுபிள்ளைகள் பள்ளியாக இயங்கியது எனக்குத் தெரியாது. சைக்கிளின் பின்னால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாய் தகப்பன்மார் வந்து இறங்கினார்கள். சிவப்பு மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண்குழந்தை தகப்பனின் காலைக் கட்டிக்கொண்டு உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவன் அவசரப்படவில்லை. தொப்பியைக் கழற்றி அதன் தலையில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் குந்திக்கொண்டான். பிறகு அது தானாகவே நடந்து போனது.

என் கணவர் பாணைப் பிய்த்து எனக்கு ஒரு துண்டு தந்தார். உண்மையிலேயே உப்பில்லை.

"லண்டனுக்குப் போனதும் ஜாய்ஸை வரச் சொல்லும்," என்றார். "அம்மாவைப் பற்றிச் சொல்லுறன்."

வந்தவள்

ஜாய்ஸ் வந்தார். என் கணவர் சொன்னார். படலை, சைக்கிள், அரிசி புடைத்தது, கத்தரிக்காய் எல்லாவற்றையும் தன் கரடுமுரடான ஆங்கிலத்தில் சொன்னார். ஜாய்ஸின் தேநீர் ஆறிப்போனது. இவர் முடித்ததும், இதை என்னிடம் மறைக்க நினைத்தீர்களே, ஒரு பிள்ளை என்றைக்கு என்ன கேட்கும் என்று முன்கூட்டியே தெரிந்த தகப்பனை நான் எங்கே தேடுவேன் என்றார்.

அதற்குப் பிறகும் விசாரணை, பயிற்சி, காத்திருப்பு என்று காலம் போனது. கடைசியில் மூன்று வயதில் ஒரு மகள் எங்களிடம் வந்தாள். இங்கே அவளை மாயா என்று சொல்கிறேன். அவளுடைய முந்திய கதையை நான் எழுதப்போவதில்லை. அது அவளுக்குச் சொந்தமானது.

எல்லாம் உடனே இனிப்பாக இருந்தது என்று சொன்னால் பொய். முதல் மாதங்களில் என்னை அவள் ஒன்றும் கூப்பிடவில்லை. இவரை ஃப்ரிட்ஜ் மேன் என்றாள். அவளை அதுவரை பார்த்துக்கொண்ட பெண்மணி அப்படித்தான் இவரை அறிமுகம் செய்திருந்தார். கடைகளில் எல்லோர் முன்னிலையிலும் ஃப்ரிட்ஜ் மேன், ஃப்ரிட்ஜ் மேன் என்று கூப்பிடுவாள். இவர் ஓம் அம்மா, ஓம் அம்மா என்று ஓடுவார். ஒருநாள் மழையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அது அப்பா ஆனது. ஏன் அன்றைக்கு, ஏன் அங்கே என்று எங்களுக்குத் தெரியாது. நான் அம்மா ஆவதற்கு இன்னும் கொஞ்சம் எடுத்தது.

அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளியிலிருந்து காரில் கூட்டிக்கொண்டு வந்தோம். பின் சீட்டில் இருந்தவள் ஆங்கிலத்தில், வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்த நடுவில், என்னுடைய மற்ற அம்மா இப்போது எங்கே இருக்கிறா என்று கேட்டாள்.

இவர் காரை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு முழுவதுமாகப் பின்னால் திரும்பினார். அவளுக்கு விளங்கக்கூடிய அளவுக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். அந்த அம்மாவின் பெயரைச் சொன்னார். அவளைப் பெற்றபோது அவ மிகவும் இளம் பிள்ளை என்று சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னார்.

கடைசியில் தமிழில் சொன்னார். "நீ வளந்தாப் பிறகு போய்ப் பாக்கலாம். போகவேணும் எண்டு ஆசை வந்தால் என்னட்டைச் சொல்லு. நான்தான் கூட்டிக்கொண்டு போவன். அம்மாவும் வருவா."

மாயா என்னைப் பார்த்தாள். நான் ஓம் என்று தலையாட்டினேன். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தத் தலையாட்டலில் பொய் இருக்கவில்லை.

அவள் தன் பையைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"இண்டைக்கு வேண்டாம் அப்பா," என்றாள். "இண்டைக்கு ஸ்விம்மிங் இருக்கு."

பின்னால் வந்த வான்காரர் ஹோர்ன் அடித்தார். இவர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு, பெல்ட்டைப் போட்டு, சிக்னல் காட்டி, நீச்சல் குளத்தின் பக்கம் காரைத் திருப்பினார்.